தையல்நாயகி ஊர் பாக்கப் போயிருக்கா

அந்தப் பை மேல மட்டும் கால் வச்சிடாதீங்க தம்பி. உள்ள பூரா பட்டுத்துணி வெளக்கு. மூங்கில் சட்டம், மடக்கி வச்சிருக்கு, ஒரு அழுத்து அழுத்துனா ஒடிஞ்சிடும். மேல தட்டுல வைக்கலாம்னா, இந்த டிரைவர் பிரேக் போடுற லட்சணத்துக்கு, தஞ்சாவூர் போறதுக்குள்ள நம்ம தலையில வந்து எறங்கும். நான் டெப்போவுல கிளை மேலாளரா இருந்தவன். கலியபெருமாள்னா மாயவரம் டெப்போவுல இன்னிக்கும் தெரியும். வண்டி உறுமுறத வச்சே டிரைவர் யாருகிட்ட கோவிச்சுக்கிட்டு வந்திருக்கான்னு சொல்லிடுவேன். இவன் வீட்டுல சண்டை.

நீங்க கும்பகோணமா? நல்லது, பேசிக்கிட்டே போகலாம்.

தனியாவா வரீங்கன்னு கேட்டீங்கல்ல. ஆமா. போகும்போது ரெண்டு பேரு, திரும்பும்போது நான் மட்டும். அப்படிப் பாக்காதீங்க தம்பி, நல்லா இருக்கா. நல்லா இருக்கான்னா, ரொம்ப நல்லா இருக்கா. நான்தான் கொஞ்ச நாள் இருந்துட்டு வான்னு விட்டுட்டு வந்திருக்கேன். மொதல்லேருந்து சொன்னாத்தான் உங்களுக்குப் புரியும்.

எம் பையன் சிவபாலன் வியட்நாம்ல இருக்கான். டனாங்குன்னு கடலோர ஊரு, அங்க ஐடி கம்பெனி வேலை. நம்ம திருச்சியிலேருந்தே பிளேன் போவுது, ஒரு எடத்துல மாறணும், அவ்வளவுதான். போன ஆடியில போன் போட்டு, அப்பா, இங்க ஒரு பொண்ணப் புடிச்சிருக்கு, லியன்னு பேருன்னான். நான் பேச்ச நிறுத்திட்டேன். ஒரு வாரம் அவன் போன எடுக்கல. குடும்பத்துல ஒரு கட்டுப்பாடு வேணும் இல்லியா?

என் சம்சாரம் அன்னிக்கு முருங்கைக்கீரை உருவிக்கிட்டு இருந்தா. தையல்நாயகின்னு பேரு, வைத்தீஸ்வரன் கோயில் அம்மன் பேரு. நிமிர்ந்துகூடப் பாக்கல. கல்யாணத்துக்கு நான் போறேன்னா. அடுப்படிக்குப் போறேங்கிற மாதிரி சொன்னா, வெளையாட்டாக்கும்னு நெனச்சேன். அப்புறம் பாத்தா பாஸ்போர்ட்டே எடுத்து வச்சிருக்கா. எப்ப எடுத்தா, போலீஸ் விசாரணைக்கு எப்ப வந்தாங்க, எனக்கு ஒண்ணும் தெரியாது. பையன் வற்புறுத்தியிருப்பான். சரி, பொம்பளைய தனியா அனுப்ப முடியுமா? அவளுக்காக நானும் இறங்கி வந்தேன்.

அவளுக்குப் பயணமே ஒத்துக்காது தம்பி, அதச் சொல்லணும். கல்யாணமான புதுசுல டெப்போ ஆளுங்க எல்லாம் குடும்பத்தோட கொடைக்கானல் போனோம். மலைப்பாதையில ரெண்டு வளைவு திரும்புனதும் வாந்தி எடுத்துட்டா. அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன், இவள இனிமே கஷ்டப்படுத்தக் கூடாதுன்னு. வேளாங்கண்ணிக்கு, பழனிக்கு, திருவண்ணாமலைக்கு, எத்தன சிறப்புப் பேருந்து விட்டிருப்பேன். ஒண்ணுலயும் அவள ஏத்துனதில்ல. டெப்போ சம்சாரங்க எல்லாம் ஓசி பாஸ்ல ஊரச் சுத்துவாங்க. இவ வாசல்ல நின்னு கை காட்டுவா. அப்படித் தாங்கியிருக்கேன்.

அதனால இந்தப் பயணத்துக்கும் நான்தான் புரோகிராம் போட்டேன். கல்யாணம் ஹோய் ஆன்ல. பொண்ணு ஊரு அதான். அதுக்கு முன்னாடி ஹுவேன்னு ஒரு பழைய தலைநகரம், அங்க ராஜா கோட்டை. காலையில கோட்டை, பகல் சாப்பாடு, ஓய்வு, சாயங்காலம் படகு, அப்படி நேரம் பிரிச்சு வச்சிருந்தேன். நம்ம தஞ்சாவூர் அரண்மனையப் பாத்தவனுக்கு அது ஒண்ணும் பெருசில்ல. அகழி இருக்கு, மதில் இருக்கு, சிவப்புத் தூணு, மேல பூதம் மாதிரி ஏதோ செதுக்கி வச்சிருக்கான். உள்ள ஒரு எடத்துல ஆளுயரத்துக்கு ஒம்போது வெண்கல அண்டா வரிசையா வச்சிருக்கான். ஒவ்வொரு ராஜாவுக்கும் ஒண்ணாம். மேல மீனு, பூ, ஆறு, வண்டி, எல்லாம் வார்த்திருக்கு. இவ மொத அண்டாவுலயே நின்னுட்டா. ஒண்ணொண்ணா விரல வச்சுத் தடவிக்கிட்டு நிக்கிறா. ஒண்ணப் பாத்தா ஒம்போதும் பாத்த மாதிரிதான், வா, வெயில் ஏறுதுன்னேன். வந்துட்டா. சொன்ன சொல்லு தட்ட மாட்டா.

மத்தியானம் நான் படுத்துக் கண்ணசந்துட்டேன். எழுந்து பாத்தா ஆளக் காணும். சாயங்காலம் வரா, தலையில ஒரு ஓலைத் தொப்பி. கூம்பு மாதிரி இருக்கும், பாத்திருப்பீங்க. எங்க போனேன்னேன். மிச்சம் எட்டையும் பாத்துட்டு வரேன்னா. ஓட்டல்ல கூட்டிப் பெருக்குற பொம்பளைக்கு வேலை முடிஞ்சு அந்தப் பக்கம் வீடாம். இவள ஸ்கூட்டர்ல ஏத்திக்கிட்டுப் போயிருக்கா. என்ன பாஷையில பேசுனாங்களோ. அந்த ஊர்க்காரங்க ரொம்ப வற்புறுத்துவாங்க தம்பி, வேணாம்னு சொல்லத் தெரியாது இவளுக்கு.

அந்தத் தொப்பிய வெளிச்சத்துல தூக்கிப் புடிச்சா, ஓலைக்கு உள்ளுக்குள்ள ஒரு படகும் ரெண்டு வரி பாட்டும் நிழலாத் தெரியும். அந்த ஊருல அப்படித்தான் கட்டுறாங்களாம். தூக்கித் தூக்கிக் காட்டுறா. நடவு நடப் போறவ மாதிரி இருக்கே, கழட்டி வையின்னேன். வெயிலுக்கு நல்லா இருக்குங்கன்னு சொல்லிட்டுக் கடைசி வரைக்கும் கழட்டவே இல்ல. அவளுக்கு வெயில் ஆகாது, அதான்.

அப்புறம் ஹோய் ஆன் வந்தோம். சும்மா சொல்லக்கூடாது, அழகான ஊரு. மஞ்சச் சுவரு, ஓட்டு வீடு, கூரை மேலெல்லாம் காகிதப்பூ கொட்டிக்கிடக்கு. தெருவுக்குத் தெரு கைவேலைக் கடைங்க. செருப்புத் தைக்கிறவன், மரம் செதுக்குறவன், பட்டுத்துணி. மேல நிமிர்ந்தா பூரா வெளக்கு. பொண்ணோட அம்மாவுக்கு அங்க வெளக்குக் கடை. ஹான்னு பேரு. புருசன் செத்து ரொம்ப வருஷமாச்சு, ஒத்த ஆளா நின்னு கடைய நடத்திப் பொண்ணப் படிக்க வச்சிருக்கா. பாவம், வழிகாட்ட ஆம்பளை இல்ல. கடைய எப்படி இன்னும் பெருசு பண்ணலாம்னு நான் நெறைய யோசனை சொன்னேன். பையன் மொழிபெயர்த்தான். அந்தம்மா தலைய ஆட்டி ஆட்டிக் கேட்டுச்சு. ரொம்ப மரியாதை தெரிஞ்ச பொம்பளை.

என் சம்சாரமும் அந்தம்மாவும் மொத நாளே ஒட்டிக்கிட்டாங்க. இவளுக்கு அந்தப் பாஷையில ஒரு எழுத்து தெரியாது, அதுக்குத் தமிழ் தெரியாது. கடைக்குப் பின்னாடி ஒக்காந்து மூங்கிலுக்குத் துணி ஒட்டுறாங்க, இவ தமிழ்ல பேசுறா, அது அவங்க பாஷையில பேசுது, ரெண்டும் சிரிக்குது. என்ன சிரிப்புன்னு கேட்டேன். ஒண்ணுமில்லைங்கன்னா. ஒண்ணுமில்லாததுக்கு இவ்வளவு சிரிப்பு. எங்கிட்ட அவ்வளவு பேசுனதில்ல தம்பி அவ. அவசியம் வந்ததில்ல. நான் நெனக்கிறது அவளுக்குத் தெரியும், அவ நெனக்கிறது எனக்குத் தெரியும்.

கல்யாணத்துக்கு மொத நாளு ஒரு சங்கதி நடந்துச்சு. நான் தனியாக் கடைவீதி போனேன். சம்பந்தி கடையில வெளக்கு வாங்குனா காசு வாங்க மாட்டாங்க, அது மரியாதை இல்ல. வேற கடையில பேரம் பேசி வாங்குனேன், அதான் இந்தப் பையில இருக்கு. திரும்பி வரப்ப எல்லாத் தெருவும் ஒரே மாதிரி. எல்லாச் சுவரும் மஞ்ச, எல்லா வாசல்லயும் வெளக்கு. கூரை போட்ட ஒரு பழைய பாலம் இருக்கு, அது மறுபடி மறுபடி எதுக்க வருது. வழி தெரியாமப் போயிடல. மாவட்டத்துல இருக்குற எல்லா ரூட்டும் எனக்குத் தலைகீழாத் தெரியும், எனக்கா வழி தப்பும்? அந்த ஊருல திசை சரியா இல்ல. போன்ல சார்ஜும் இல்ல. ஒரு கடைப்படியில ஒக்காந்துட்டேன்.

வெயில் சாயுற நேரம். சைக்கிள் மணி கேக்குது. நிமிர்ந்து பாத்தா, அந்த ஓலைத் தொப்பி. கொசுவத்தத் தூக்கி இடுப்புல சொருகியிருக்கா, காலு ரெண்டும் சம்பந்தியம்மா சைக்கிள் பெடல்ல. எம் பக்கத்துல வந்து ஒரு கால ஊனி நிக்கிறா.

"உனக்கு சைக்கிள் ஓட்டத் தெரியுமா?"ன்னேன்.

"பள்ளிக்கூடத்துக்கு சைக்கிள்லதானே போனேன்."

"சொல்லவே இல்லியே."

"நீங்க கேக்கலைங்க."

கேக்கலையாம். பொண்ணு பாக்கப் போற எடத்துல இதெல்லாமா தம்பி கேப்பாங்க? சமைக்கத் தெரியுமா, பாடத் தெரியுமா, அவ்வளவுதான் கேப்போம். அதுக்கப்புறம் முப்பத்தாறு வருஷத்துல சைக்கிள் பத்திப் பேச்சு வர்ற மாதிரி சந்தர்ப்பம் அமையல.

ஏறுங்கன்னா. நான் நடந்தே வந்திருப்பேன். ஆனா பழக்கம் விட்டுப்போனவ, எங்கயாவது விழுந்து வச்சா என்ன பண்றது? அதான் பின்னாடி ஒக்காந்து பேலன்ஸ் பண்ணிக்கிட்டு வந்தேன். கேரியர்ல ரெண்டு பக்கமும் கால் போட முடியல, ஒரு பக்கமா ஒக்காந்தேன், மடியில வெளக்குப் பை. தெருவுல வெள்ளைக்காரங்க போட்டோ எடுக்குறாங்க. இவ பெல் அடிக்கிறா. தேவையே இல்லாத எடத்துலெல்லாம் அடிக்கிறா. அநாவசியமா ஹாரன் அடிக்கக் கூடாதுன்னு எத்தன டிரைவருக்கு மெமோ குடுத்தவன் நான். அன்னிக்கு விட்டுட்டேன். எதுக்கால அவ முதுகு ஆடுது. சிரிக்கிறாளா, மூச்சு வாங்குதான்னு பின்னாடி இருக்குறவனுக்கு எப்படித் தெரியும்?

கல்யாணம் நல்லா நடந்துச்சு. ஒரு விஷயம் சொன்னா ஆச்சரியப்படுவீங்க, அங்க வெத்தலை பாக்கு இல்லாம கல்யாணமே இல்ல. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க சிவப்புத்துணி மூடுன பெட்டிகளத் தூக்கிக்கிட்டு ஊர்வலமாப் பொண்ணு வீட்டுக்குப் போவணும். மொதப் பெட்டியில குலை பாக்கும் வெத்தலையும். உள்ள பொண்ணு வீட்டு முன்னோர் படத்துக்கு முன்னாடி வச்சு ஊதுவத்தி ஏத்திக் கும்புடணும். கெளம்பும்போதே இவ கும்பகோணத்து வெத்தலை எடுத்துக்கறேன்னா. ஏர்போர்ட்ல புடுங்கிடுவான், அந்த ஊருக்காரனுக்கு வெத்தலைன்னா என்னன்னு தெரியுமான்னு நான் வேணாம்னேன். அங்க போய்ப் பாத்தா ஈரத்துணியில சுத்தி, புடவைக்கு நடுவுல வச்சுக் கொண்டாந்திருக்கா. அந்தம்மா அதப் பிரிச்சு மோந்து பாத்துச்சு. அவங்க வெத்தலைய ஒதுக்கிட்டு, இத அந்தப் படத்துக்கு முன்னாடி வச்சுச்சு. நல்லவேளை, ஏர்போர்ட்ல புடுங்கிடுவான்னு நான் எச்சரிச்சதாலதான் அவ்வளவு பத்திரமா வச்சிருக்கா.

அப்புறம் மாப்பிள்ளையோட அப்பா பேசணும், அது அவங்க சம்பிரதாயம். நல்லா தயார் பண்ணி வச்சிருந்தேன். சோழன் கடல் தாண்டுனதுல ஆரம்பிச்சேன், கீழத்திசையில நம்ம சிவன் கோயில் இருக்குறது, தமிழனோட கற்பு, விருந்தோம்பல், எங்க டெப்போ மாவட்டத்துலயே மொத பரிசு வாங்குனது வரைக்கும் சொன்னேன். கொஞ்ச நேரம் ஆச்சு. பையன் அத அவங்க பாஷையில சொன்னான். ரெண்டு வாக்கியம். எல்லாரும் கை தட்டுனாங்க. அந்தப் பாஷை சுருக்கமானது தம்பி, அங்க பெரிய விஷயத்தையும் ரெண்டு வார்த்தையில சொல்லிடலாம்.

யாரும் எதிர்பாக்கல, இவ எழுந்திரிச்சா. கூட்டத்துல பேசிப் பழக்கமில்லாதவ. ஒண்ணே ஒண்ணுதான் சொன்னா.

"ஒரு மக இல்லைன்னு எனக்கு ரொம்ப நாளாக் குறை. இப்ப மகளும் வந்துட்டா, பேசிக்க ஒரு ஆளும் கெடைச்சாச்சு."

இத மொழிபெயர்க்க முடியாம பையன் நிக்கிறான். ஆரம்பிக்கிறான், பாதியில நிறுத்துறான், மறுபடி ஆரம்பிக்கிறான். இலக்கணம் கஷ்டமா இருந்திருக்கும். கடைசியா எப்படியோ சொல்லி முடிச்சான். அந்தம்மா கண்ணத் தொடைச்சுக்கிட்டே வந்து இவ கையப் புடிச்சுக்கிச்சு. அந்தக் கூடத்துல ஊதுவத்திப் புகை ரொம்ப, எனக்கே கண்ணு எரிஞ்சுச்சு.

ஊருக்குக் கெளம்புற அன்னிக்குக் காலையில அந்தம்மா வீட்டுல எல்லாரும் ஒக்காந்திருக்கோம். அது டீ ஊத்திக்கிட்டு இருக்கு. பெட்டி கட்டியாச்சான்னு கேட்டேன். உங்க பெட்டியக் கட்டிட்டேன்னா.

"உன்னுது?"

"நான் வரலைங்க. நீங்க போயிட்டு வாங்க."

வெளையாட்டுக்குச் சொல்றாளோன்னு பையனப் பாத்தேன். அவன் கப்ப உத்துப் பாத்துக்கிட்டு இருக்கான். டிக்கெட் போடும்போதே அவளுக்குத் திரும்புற டிக்கெட் போடலையாம், விசாவும் கூடுதல் நாளைக்கு எடுத்திருக்கானாம். கம்ப்யூட்டர்ல ஏதோ தப்பா அமுக்கியிருக்கான். சம்பந்தியம்மா கடைய அவங்க தங்கச்சி பாத்துக்குமாம். இவங்க ரெண்டு பேரும் ஊர் சுத்திப் பாக்கப் போறாங்களாம், வடக்குப் பக்கம், ரயில்ல.

எனக்கு அவ ஒடம்பப் பத்தித்தான் கவலை. "உனக்குப் பயணம் ஒத்துக்காதேம்மா"ன்னேன்.

"அது நீங்க சொன்னதுங்க. நான் ஒருநாளும் சொன்னதில்ல."

"எப்ப வருவே?"

"பாத்துட்டு வரேன்."

"என்னத்தப் பாத்துட்டு?"

கோவமெல்லாம் இல்ல தம்பி, சாதாரணமாத்தான் இருந்தா. கீரை என்ன வெலைன்னு கேட்டா யோசிப்பா பாருங்க, அப்படி. "பாக்காததையெல்லாம்"னா.

சரி, இருந்துட்டு வான்னு நான் பெருந்தன்மையா சொல்லிட்டேன். சொல்லி முடிக்கிறதுக்குள்ள அவ டீயக் குடிச்சிட்டு, கப்பக் கழுவ உள்ள போயிட்டா. ஆறிடும் பாருங்க, அதான்.

ஏர்போர்ட்டுக்கு எல்லாரும் வந்தாங்க. மருமகப் பொண்ணு நம்ம ஊரு மாதிரியே கால்ல விழுந்து கும்புட்டுச்சு. இவ எங்கிட்ட நெறைய சொன்னா. புளிக்காய்ச்சல் ஜாடியில இருக்கு, பால்காரர்கிட்ட சொல்லியாச்சு, ரத்த அழுத்த மாத்திரை இந்தப் பையில. நான் ம் ம்னேன். அப்புறம் சட்டைக் காலர் மடங்கியிருந்துச்சு போல, நீட்டி விட்டா. அவ்வளவு பேரு முன்னாடி. நான் சட்டுனு உள்ள போயிட்டேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போய்த் திரும்பிப் பாத்தேன். கை காட்டுனா. நானும் காட்டியிருக்கலாம், ரெண்டு கையிலயும் சாமான்.

பிளேன்ல எனக்கு ஜன்னலோரம். பக்கத்துல ஆளில்ல, சீட்டு காலி. ஏர்ஹோஸ்டஸ் பொண்ணு வந்து, நடுவுல நல்லா தாராளமாப் படுத்துக்கலாம்னு சைகை காட்டுச்சு. வேணாம்னுட்டேன். ஜன்னல்ல பாத்துக்கிட்டே வந்தேன். ஒண்ணுமில்ல, மேகந்தான். இத யாருக்காவது காட்டணும்னு தோணுது, என்ன தோணுது பாருங்க, வெறும் மேகம். அப்புறம் நெஞ்சுல ஏதோ அடைச்ச மாதிரி இருந்துச்சு. பிளேன் சாப்பாடு அப்படித்தான், வாயு.

வீட்டுக்குப் போயி மொதல்ல சோறு வடிக்கணும். குக்கர்ல எத்தன விசில் தம்பி? நீங்க சமைப்பீங்களா? நல்லது. இந்தக் காலத்துப் புள்ளைங்க எல்லாம் கத்துக்கிறீங்க. எனக்கு அந்த அவசியம் வரல. இப்பவும் தற்காலிகமாத்தான். அக்கம்பக்கத்துல கேட்டா, மருமகளுக்கு ஒத்தாசையா இருக்கட்டும்னு நான்தான் விட்டுட்டு வந்தேன்னு சொல்லப் போறேன். உண்மையும் அதானே.

இருங்க, போன் அடிக்குது. அவதான்.

ஹலோ. ஆங், எறங்கிட்டேன், பஸ்ல இருக்கேன். தஞ்சாவூர் தாண்டியாச்சு. சாப்புட்டேன், இட்லி. நீ? என்ன சத்தம் அங்க? ரயிலா? இப்பவேவா? நேத்துதானே நான் கெளம்புனேன். சரி சரி. சம்பந்தியம்மா பக்கத்துல இருக்கா? நல்லது. வாந்தி ஏதும்? சரி. தையலு, என்னிக்கு வரேன்னு ஒரு தேதி சொன்னீன்னா நான் திருச்சிக்கு வந்து நிப்பேன். என்னது? அடுத்த ஊரா? எந்த ஊரு? கேக்கல, கொஞ்சம் சத்தமாச் சொல்லு. எந்த ஊருன்னே? ஹலோ. தையலு.

வச்சிட்டா. இல்ல, சிக்னல் போயிருக்கும். அவளா வைக்க மாட்டா, எப்பவும் நான்தான் வைப்பேன்.

இந்த போன்ல சத்தம் வெளியில கேக்கும்பாங்க. எந்த ஊருன்னு அவ சொன்னது உங்க காதுல ஏதாவது விழுந்துச்சா தம்பி?